பாலைவனத்து ஊர்களில் தண்ணீர் எங்கே போகிறது? கேள்விகளும் பதில்களும்

நான் கடலூர் முதுநகர்க்காரன். வளைகுடாவில் இருபத்திரண்டு வருஷம் மழைநீர் வடிகால், கழிவுநீர்க் குழாய் வேலைகளில் இருந்துவிட்டு இப்போது புதுச்சேரியில் குடியிருக்கிறேன். பாலைவன நகரங்கள் எப்படி வளர்கின்றன, எப்படித் திட்டம் போடுகிறார்கள் என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (பரங்கிப்பேட்டை): அண்ணே, 2024 ஏப்ரலில் துபாயில் ஒரு நாள் மழைக்கே ரோடெல்லாம் கடலாகிவிட்டது. என் மச்சான் காரும் மூழ்கிவிட்டது. அவ்வளவு காசு இருக்கிற ஊரில் ஒழுங்கான வடிகால் கூடவா இல்லை? மேகத்தில் மருந்து தூவியதால்தான் பெய்தது என்கிறார்களே, நிஜமா?

பதில்: மருந்துக் கதையை விட்டுவிடுங்கள் தம்பி. பெரிய மழை வருகிறது என்று வானிலைக்காரர்கள் பல நாள் முன்பே சொல்லிவிட்டார்கள். ஏப்ரல் 16 அன்று அமீரகத்திலேயே அல் ஐன் ஊர்ப்பக்கம் ஓரிடத்தில் ஒரு நாளுக்குள் 254 மி.மீ. பெய்தது. அந்த நாட்டில் மழைக்கணக்கு எழுத ஆரம்பித்த 75 வருஷத்தில் அப்படி ஒரு மழை இல்லை. துபாயில் வருஷம் முழுக்கச் சேர்த்தாலே சுமார் 100 மி.மீ.தான். ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ. அளவுக்குக் கொட்டியதே, அல் ஐன் பக்கம் பெய்தது அதில் பாதிதான். ஆனால் நமக்கு ஊசுட்டேரி இருக்கிறது, சங்கராபரணி ஆறு இருக்கிறது. அங்கே தண்ணீர் போவதற்கு வழியே கிடையாது.

மணல்தானே, உறிஞ்சிக்கொள்ளாதா என்று கேட்பார்கள். கடலோரத்தில் சப்கா என்று ஓர் உப்புத்தரை உண்டு. மேன்ஹோலுக்காகக் காலையில் ஆளுயரப் பள்ளம் தோண்டுவோம், பத்து மணி டீக்குள் அடியில் உப்புத்தண்ணீர் கணுக்காலுக்கு ஏறிவிடும். ராத்திரி பகலாக பம்ப் ஓடினால்தான் வேலை நடக்கும். சாயங்காலம் பூட்ஸைக் கழற்றினால் தையல் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், கட்டிவைத்த கம்பியிலும் அப்படியே. நிலத்துக்குள் ஏற்கெனவே தண்ணீர் நிற்கும்போது மழை எங்கே இறங்கும்? கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனால் வாதி என்கிற காய்ந்த ஓடைகள். பல வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஓடும் என்பதால் அது ஓடை என்பதே மறந்துபோகும், அதன் மேலேயே ரோடும் வீடும் வந்துவிடும். ஏரிக்குள் மனை போட்டு விற்ற நமக்கு இது புரியாத விஷயமில்லை. அந்த மழைக்கு அப்புறம் 3,000 கோடி திர்ஹாம் செலவில் 2033க்குள் முடிக்கிற மாதிரி ‘தஸ்ரீஃப்’ என்று ஒரு வடிகால் திட்டத்தை துபாய் அறிவித்திருக்கிறது.

கேள்வி (புதுச்சேரி, கட்டடக்கலை மாணவி): சார், தண்ணீரே இல்லாத இடத்தில் ஏன் ஊர் அமைத்தார்கள்?

பதில்: தண்ணீர் இருந்ததம்மா, கொஞ்சமாக. பெயரிலேயே இருக்கிறது. ரியாத் என்றால் அரபியில் தோட்டங்கள். லாஸ் வேகாஸ் என்றால் ஸ்பானிஷில் புல்வெளிகள். ஊற்று இருந்தது, ரயில் எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது, 1905இல் அந்த ரயில் கம்பெனி மனைகளை ஏலம் விட்டது, ஊர் பிறந்தது. துபாய்க்குக் கடலிலிருந்து உள்ளே நீளும் உப்பங்கழி. ராஜஸ்தானின் ஜெய்சல்மேருக்கு வணிகப்பாதை. ஊற்று தாங்குகிற அளவைத் தாண்டி ஊர் வளர்ந்ததும்தான் திட்டம் என்ற ஒன்று தேவைப்பட்டது.

கேள்வி (நெய்வேலி): குடிநீருக்கு என்ன செய்கிறார்கள்? கடல்நீரைக் குடிநீராக்கினால் பிரச்சினை தீர்ந்தது இல்லையா?

பதில்: பாதி தீர்ந்தது. ரியாத்துக்குக் கிழக்குக் கடற்கரையிலிருந்து 400 கி.மீ.க்கு மேல் குழாயில் தண்ணீர் போகிறது, அதுவும் சுமார் 600 மீட்டர் உயரம் ஏற்றி. வீராணத்துத் தண்ணீர் சென்னைக்குப் போகிற தூரத்தை நினைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதைப்போல இரண்டு மடங்கு. கரண்ட் செலவு ஒரு பக்கம் இருக்க, நன்னீரைப் பிரித்தபின் மிஞ்சும் கெட்டி உப்புநீர் கடலுக்கே திரும்புகிறது.

எல்லாரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான் கேட்கிறீர்கள். வீட்டுக்குள் வந்த தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது என்பதுதான் என் கவலை. துபாயில் கட்டுமானம் உச்சத்தில் இருந்த காலத்தில் கழிவுநீர்க் குழாய் போய்ச் சேராத புதுக் குடியிருப்புகளுக்கெல்லாம் டேங்கர் லாரிதான் கதி. சுத்திகரிப்பு நிலைய வாசலில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். பொறுமை போன சில டிரைவர்கள் ராத்திரியில் மழைநீர்க் குழாய்க்குள் திறந்துவிட்டுப் போனார்கள், அது கடற்கரையில் போய்ச் சேர்ந்தது. வீடு முதலில், குழாய் பிறகு என்று கட்டினால் இதுதான் நடக்கும்.

சரியாகச் செய்த ஊர்களும் உண்டு. லாஸ் வேகாஸில் வீட்டுக்குள் குளித்த, துவைத்த தண்ணீரையெல்லாம் சுத்தம் செய்து, தண்ணீர் எடுத்த இடமான மீட் ஏரிக்கே திருப்பி விடுகிறார்கள். அது கொலராடோ நதியில் அணை கட்டி உண்டான ஏரி. அந்த நதியில் லாஸ் வேகாஸ் இருக்கிற நெவாடா மாநிலத்தின் பங்கு வருஷத்துக்கு 3 லட்சம் ஏக்கர்-அடிதான் (ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர்-அடி), ஆனால் திருப்பிய அளவுக்கு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அதனால் அங்கே குளிப்பது குற்றமில்லை, புல்லுக்கு ஊற்றுவதுதான் இழப்பு, அது ஆவியாகிவிடும். ரோட்டோரம் சும்மா அழகுக்கு வளர்க்கும் புல்லுக்கு அந்த நதித் தண்ணீர் கூடாது என்று 2021இல் சட்டமே போட்டார்கள். ஆப்பிரிக்காவில் நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹோக் இன்னும் ஒரு படி மேலே: கழிவுநீரைச் சுத்திகரித்து 1968 முதல் நேராகக் குடிநீரோடு கலந்து கொடுக்கிறது. முகம் சுளிக்காதீர்கள், அரை நூற்றாண்டுக்கு மேலாகக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி (கடலூர் வண்டிப்பாளையம்): எங்கிருந்தாவது கால்வாய் வெட்டிக் கொண்டுவந்துவிட்டால் ராஜஸ்தான் மாதிரி ஊர்களுக்கு விடிவுகாலம்தானே ஐயா?

பதில்: ஜோத்பூருக்குப் போய்ப் பாருங்கள். பழைய நகரம் முழுக்கக் குளங்களும் படிக்கிணறுகளும். 1990களின் கடைசியில் இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீர் வந்தது. ஜனங்களுக்குப் பெரிய நிம்மதி, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், குடம் சுமந்த பெண்களைக் கேட்டால் தெரியும். ஆனால் கிணற்றில் இறைப்பது நின்றுபோனது, வீடுகளில் புழங்கிய தண்ணீர் சரியான சாக்கடை இல்லாமல் பூமிக்குள் இறங்கியது, நிலத்தடி நீர் மேலே ஏறியது. பாலைவனத்து ஊரில் கடைகளின் பேஸ்மென்டில் தண்ணீர் நிற்கிறது, மோட்டார் வைத்து இறைக்கிறார்கள்!

ஜெய்சல்மேர் இன்னும் வேதனை. 1156இல் தொடங்கிய கோட்டை, இன்றும் உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன. கீழே கடிசர் ஏரியிலிருந்து குடத்தில் சுமந்து ஏறிய காலத்தில் ஒரு குடத்தை எத்தனை தடவை புழங்கியிருப்பார்கள் என்று யோசியுங்கள். குழாய் வந்தது, அப்புறம் சுற்றுலா விடுதிகள் வந்தன, புழக்கம் பல மடங்கானது. கழிவுநீர்ப் பாதை மட்டும் அதற்கேற்ப வரவில்லை. களிமண் கலந்த மென்மையான குன்றுக்குள் தண்ணீர் ஊறி, கொத்தளங்கள் சில சரிந்தே விழுந்தன. எண்ணூறு வருஷம் வறட்சியைத் தாங்கிய கோட்டையைத் தண்ணீர் ஆட்டிவைக்கிறது.

கேள்வி (பண்ருட்டி): காற்றுக்கோபுரம் வைத்த பழைய வீடுகள் பற்றிச் சொல்லுங்கள். நாமும் கட்டலாமா?

பதில்: ஈரானில் யஸ்த் ஊரில் ஏராளம். துபாயில் பஸ்தாக்கியா என்கிற பழைய குடியிருப்புப் பகுதியில் இருக்கிறது, கீழே நின்றால் மேலே பிடித்த காற்று தலையில் இறங்குவது தெரியும், நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் அது மட்டும் தனியாக வேலை செய்யாது. தெரு குறுகல், சுவர் தடிமன், வீட்டு நிழல் எதிர்வீட்டில் விழும், எல்லாம் சேர்ந்துதான் குளுமை. நமக்கு அந்தக் குறுகல் ஒத்துவராது, நம் வெயிலில் ஈரம் அதிகம், கடல்காற்று உள்ளே வர வேண்டும். திண்ணையும் முற்றமும் நம் பதில். இடித்துவிட்டுக் கண்ணாடி முகப்பு வைக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

நிழலை மறந்த ஊருக்கு உதாரணம் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ். 2023இல் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரியைத் தாண்டியது. அந்த மாவட்டத்தில் அந்த வருஷம் வெப்பத்தால் இறந்தவர்கள் 600க்கு மேல்.

கேள்வி (சிதம்பரம்): சவுதியில் 170 கி.மீ. நீளத்துக்கு ஒரே கோடாக நகரம் கட்டப்போவதாகச் சொன்னார்களே?

பதில்: 200 மீட்டர் அகலம், 500 மீட்டர் உயரம், 90 லட்சம் பேர் என்று அறிவித்தார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. ஊர் ஒரு முனையிலிருந்து நாலு பக்கமும் கிளைவிடும், கோடாக வளராது. ஆப்பிரிக்காவில் மொரித்தானியாவின் தலைநகர் நுவாக்‌ஷோத்தை சில ஆயிரம் பேருக்கென்று வரைந்தார்கள். 1970களின் வறட்சியில் ஆடு மாடு இழந்தவர்கள் வந்து குவிந்தார்கள், இன்று பத்து லட்சத்துக்கு மேல். யார் வந்து குடியேறுவார்கள் என்பதை வரைபடம் முடிவு செய்வதில்லை.

கேள்வி (வில்லியனூர்): தம்பி, என் மகன் அபுதாபியில் கட்டட வேலை பார்க்கிறான். வெயில் என்று சொல்லி அழுகிறான். இந்த ஊர்களைக் கட்டுகிறவர்களைப் பற்றியும் எழுதுங்கள்.

பதில்: அம்மா, இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30லிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் தொழிலாளர் குடியிருப்பை ஊருக்கு வெளியே தள்ளி வைத்துவிட்டு, விடியுமுன் எழுப்பி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனால் தூக்கம் எங்கே வரும்? வெயில் தாங்குகிற உடம்புக்குத் தூக்கம் வேண்டும். மகன் அடுத்த தடவை பேசும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: மதிய இடைவேளை கொடுக்கிறார்களா, உட்காரும் இடத்தில் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் இருக்கிறதா, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறதா. மூன்றாவதற்கு ஆமாம் என்றால் அன்றைக்கே உப்பு சர்க்கரைக் கரைசல் குடிக்கச் சொல்லுங்கள். தலை சுற்றல், வாந்தி வந்தால் உடனே மேஸ்திரியிடம் சொல்லி நிழலுக்குப் போகச் சொல்லுங்கள், சம்பளம் பிடிப்பார்களோ என்று பயந்து நிற்க வேண்டாம்.