எஃப்இசட்டை விற்று ஆர்15 எடுக்கலாமா?

தம்பி, உப்புவெளியிலிருந்து மூதூருக்கு தினமும் யமஹா எஃப்இசட் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறீர்கள், மனைவியும் அடிக்கடி பின்னால் வருவார் என்று எழுதியிருந்தீர்கள். நானென்றால் மாற மாட்டேன்.

ஆர்15 யமஹாவின் ரேஸ் பாணி பைக். அதில் ஹேண்டில் தாழ்வு, கால்மிதி பின்னுக்கு; உடம்பு முன்னால் சாயும். வேகமாகப் போனால் எதிர்காற்று நெஞ்சைத் தாங்கும். டவுனில் ஊரும்போது உடம்பின் அந்தப் பாரம் முழுக்க மணிக்கட்டில்தான். அதன் 155 சிசி என்ஜின், சுற்று (அது சுழலும் வேகம்) ஏறினால்தான் பாயும். எங்கள் திருகோணமலை பஸ் நிலையப் பக்கம் மான் குறுக்கே வரும் வீதியில் எங்கே ஏற்றுவது? பின் சீற்றோ உயரம், சின்னது. மனைவியை முதலில் அதில் ஏற்றிப் பாருங்கள்!

ஆசை விடவில்லையா? நண்பருடையதை வாங்கி ஹபரணை வரை ஒருநாள் ஓடுங்கள். திரும்பி வந்ததும் இடுப்பு எப்படி என்று எழுதுங்கள்.