பசியாறிவிட்டு இராப்போஜனம் எடுக்கலாமா? சபையார் கேட்டவை

மலேசியாவில் ஒரு தோட்டத்து டவுனில் இருக்கும் எங்கள் லுத்தரன் சபைக்கு ஐயர் (போதகர்) மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருகிறார். இராப்போஜனம், அதாவது அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து, அன்றைக்குத்தான். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது என் பொறுப்பு. முடிந்ததும் தே-ஓ (பால் இல்லாத தேநீர்) கோப்பையோடு சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்பார்கள்; நின்றபடி பாதிப் பதில்தான் சொல்ல முடியும். இந்த மாதம் கேட்டவற்றுக்கு இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

ரொட்டி சானாய் சாப்பிட்ட பிறகுதான் ஐயர் வரும் ஞாயிறு என்று ஞாபகம் வந்தது. இராப்போஜனம் எடுக்காமல் பின்வரிசையிலேயே இருந்துவிட்டேன். சரியா? (செம்பனை லாரி ஓட்டும் தம்பி)

தம்பி, நீங்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. வெறும் வயிற்றோடு வருவது நல்ல பழக்கம்தான்; நம் சபை மரபைத் தொடங்கிய சீர்திருத்தவாதி லுத்தரும், விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் தம் சிறிய ஞானோபதேசத்தில் அதை நல்ல வெளி ஒழுக்கம் என்கிறார். ஆனால் தகுதியுள்ளவன் யார் என்றால், ‘உங்களுக்காகக் கொடுக்கப்பட்டது, பாவமன்னிப்புக்காகச் சிந்தப்பட்டது’ என்ற வார்த்தையை நம்புகிறவன். ‘உங்களுக்காக’ என்ற சொல் கேட்பது நம்புகிற இருதயத்தை மட்டும்தான் என்று முடிக்கிறார். அப்பத்திலும் ரசத்திலும் கர்த்தர் தம் மெய்யான சரீரத்தையும் இரத்தத்தையும் தருகிறார் என்று அறிக்கை செய்கிறோமே, அவர் தருவதைக் காலைப் பசியாறல் தடுத்துவிடுமா? அடுத்த முறை முன்னால் வாருங்கள். யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் அதைப் பேசித் தீர்த்துவிட்டு வாருங்கள். ரொட்டியைவிட அதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

‘கொலை செய்யாதே’ ஆறாவது கட்டளை என்கிறாள் மெதடிஸ்ட் தோழி. நம் புத்தகத்தில் ஐந்தாவது. யார் சரி? (திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளை)

இரண்டு பேரும் சரி. கட்டளைகளுக்கு வேதம் எண் போடவில்லை. அவர்கள் விக்கிரகத்தைப் பற்றியதைத் தனிக் கட்டளையாக எண்ணுகிறார்கள். நாம் அதை முதலாவதற்குள் அடக்கி, இச்சியாதே என்பதைக் கடைசியில் இரண்டாக்குகிறோம். கத்தோலிக்கர் கணக்கும் இப்படித்தான்.

வேலையிடத்தில் சுவிசேஷம் சொல்ல ஆசை, வாய் வரவில்லை. எப்படித் தொடங்குவது? (கிளினிக்கில் வேலை செய்யும் தங்கை)

என் அம்மா தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்கு (வேலையாள் கணக்கெடுப்புக்கு) கிளம்பும்போது லயத்து வீட்டு வாசலில் வாளியைக் கீழே வைத்துவிட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஜெபம் சொல்வார். இரவில் காத்ததற்கு நன்றி, இன்றும் பாவத்துக்கும் தீங்குக்கும் விலக்கிக் காத்தருளும், உம்முடைய தூதர் என்னோடு இருக்கட்டும். ஞானோபதேசத்தில் உள்ள லுத்தரின் காலை ஜெபம்தான் அது. ஜெபித்ததும் ஒரு பாட்டுப் பாடிச் சந்தோஷமாக வேலைக்குப் போகச் சொல்லி அங்கேயே எழுதியிருக்கிறது. அம்மாவும் ஞானப்பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடியே மரநிரைக்குள் இறங்குவார். பல மாதம் இதைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள், “தெனமும் என்னக்கா சொல்றீங்க? எம் பிள்ளைக்கும் சொல்லுங்களேன், காய்ச்சல் விடவே மாட்டேங்குது” என்றார். அம்மா பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபித்தார். அன்றைக்கு அந்த அக்காவின் நிரையையும் சேர்த்து வெட்டினார். இயேசுவைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம் தானாக வந்தது.

பால் வெட்டுவதும் மருந்து எடுத்துக் கொடுப்பதும் தேவன் தந்த அழைப்பு, குருவின் ஊழியத்துக்குக் குறைந்ததில்லை என்பது லுத்தர் போதனை. ஆகவே முதலில் அந்த வேலையை அன்போடு செய்யுங்கள். ஆனால் அதோடு வாயை மூடிக்கொள்ளாதீர்கள், தங்கச்சி. நம் நல்ல குணத்தைப் பார்த்து யாருக்கும் பாவமன்னிப்பு புரிந்துவிடாது. யாராவது கேட்டால், கிறிஸ்து உங்களுக்காக என்ன செய்தார் என்று இரண்டு வாக்கியம் உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள்.

ஒன்று கவனம். இஸ்லாமியரிடையே பிற மதத்தைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த, நாட்டின் அரசியலமைப்பு 11(4) ஆம் பிரிவில் இடம் தருகிறது. பல மாநிலங்களில் அதற்குச் சட்டமும் உண்டு. துண்டுப் பிரசுரம் கொடுக்கும் வேலையெல்லாம் அங்கே வேண்டாம். உதவி செய்யவும் உண்மையாக நடக்கவும் எந்தத் தடையும் இல்லை.

கைக்குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது, மறுபடி முழுகு என்கிறார்கள் நண்பர்கள்.

செல்லும். அதில் செயல்பட்டவர் தேவன். உங்கள் வயது அவருக்குத் தடையில்லை. சோதனை வரும்போது ‘நான் ஞானஸ்நானம் பெற்றவன்’ என்று சொல்லிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார் லுத்தர். நண்பர்களோடு சண்டை வேண்டாம், திரும்ப முழுகவும் வேண்டாம்.

மகன் சீனப் பள்ளியில் படிக்கிறான், தமிழ் வாசிக்க வராது. ஞானோபதேசத்தைத் தமிழில்தான் மனப்பாடம் செய்ய வேண்டுமா? (ஓர் அம்மா)

கட்டாயமில்லை, அம்மா. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்க், நம் ஜனங்களுக்குப் புரிய வேண்டும் என்று தமிழ் படித்தார். 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். நமக்குப் புரிய அவர் அவ்வளவு பாடுபட்டிருக்க, பிள்ளைக்குப் புரியும் மொழியில் சொல்லிக்கொடுக்க நாம் யோசிக்கலாமா? 1529-இல் வந்த ஞானோபதேசத்தின் ஒவ்வொரு பகுதியும், வீட்டுத் தலைவன் வீட்டாருக்கு எளிதாகக் கற்பிப்பதற்கு என்றுதான் தொடங்குகிறது. அதனால் வகுப்புக்கு அனுப்பிவிட்டு நீங்கள் ஒதுங்கிவிட முடியாது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு கட்டளை, ஒரு விளக்கம், அவனுக்குத் தெரிந்த மொழியில். பரமண்டல ஜெபத்தை மட்டும் பாட்டியோடு உட்கார்ந்து தமிழில் சொல்லிப் பழகட்டும், காதால் கேட்டே வந்துவிடும். சனிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், முதல் கட்டளையிலிருந்து நானும் கூட உட்காருகிறேன்.