கலர் வார், கேம்ப்ஃபயர், கடிதங்கள்: சம்மர் கேம்ப் பாரம்பரியங்களில் பெற்றோரின் பங்கு என்ன?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். 10 வயது மகள் வரும் ஜூலையில் முதல்முறையாகப் பென்சில்வேனியாவின் போகோனோ மலைப்பகுதியில் மூன்று வாரம் தங்கும் சம்மர் கேம்ப்புக்குப் போகிறாள். கேம்ப்பிலிருந்து வந்த கையேட்டில் 'எங்கள் பாரம்பரியங்கள்' என்று இரண்டு பக்கம் இருக்கிறது. கலர் வார், வெள்ளிக்கிழமை வெள்ளை உடை, கேம்ப்ஃபயர், கடைசி இரவு ஏரியில் மெழுகுவர்த்தி மிதக்கவிடுவது என்று ஒரு பட்டியல், அப்புறம் "பெற்றோரும் இவற்றுக்குத் துணை நிற்க வேண்டுகிறோம்" என்று ஒரு வரி. நானும் கணவரும் திருச்சியில் வளர்ந்தவர்கள், இதெல்லாம் எங்களுக்குப் புதிது. எதை வாங்கிக் கொடுப்பது, எதில் தலையிடலாம், எதில் கூடாது? நாங்கள் சைவம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கணவரோ, "நீச்சலும் படகும் கற்கத்தானே அனுப்புகிறோம், இந்தக் கூத்தெல்லாம் எதற்கு?" என்கிறார்.

பதில்: உங்கள் கணவர் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன், அதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. நீச்சலை உங்கள் ஊர்க் குளத்திலேயே கற்றுக்கொள்ளலாம். தங்கும் கேம்ப்பில் நடப்பது வேறு. உங்கள் மகள் முதல் நாள் பிள்ளைகள் சேர்ந்து தங்கும் கேபினுக்குள் நுழையும்போது அங்கே இருக்கும் பெண்களில் பாதிப் பேர் மூன்று நான்கு வருஷமாக ஒன்றாக வருகிறவர்களாக இருப்பார்கள், இவளுக்கு ஒரு முகமும் தெரியாது. ஆனால் டைனிங் ஹாலில் மேசையைத் தட்டிப் பாடும் பாட்டை இரண்டே நாளில் கற்றுவிடுவாள், கற்றபிறகு பழைய ஆள் புது ஆள் என்ற வித்தியாசம் அந்தப் பாட்டுக்குள் இல்லை. திருவிழாவில் தேர்வடத்தைப் பிடித்துவிட்டால் வெளியூர்க்காரரும் அந்த நேரத்துக்கு ஊர்க்காரர்தானே, அதே கதைதான். கேம்ப் பாரம்பரியங்களின் வேலையே புதிதாக வந்த குழந்தையைச் சீக்கிரம் உள்ளே இழுத்துக்கொள்வது. அந்த வேலையைச் செய்கிற பாரம்பரியத்தை மனசாரக் கொண்டாடுங்கள், அதற்கு எதிராகப் போவதைக் கேள்வி கேளுங்கள். நான் கேம்ப் பெற்றோர்களுக்குச் சொல்லும் அளவுகோல் இது ஒன்றுதான்.

இது நேற்று முளைத்த பழக்கமும் இல்லை. 1861-இல் கனெக்டிகட்டில் ஃப்ரெடரிக் கன் என்ற பள்ளி ஆசிரியர் தன் மாணவர்களைக் கடலோரத்துக்கு நடத்திக் கூட்டிப்போய்க் கூடாரம் போட்டுத் தங்கவைத்ததைத்தான் அமெரிக்க சம்மர் கேம்ப்பின் தொடக்கம் என்பார்கள். 1885-இல் தொடங்கிய நியூயார்க் மாநிலத்து கேம்ப் டட்லி இன்றைக்கும் நடக்கிறது, அங்கே போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண் கொடுப்பார்கள், ஆயுசுக்கும் அது அவர்களுடையது. தாத்தாவும் பேரனும் எண்ணைச் சொல்லி அறிமுகமாகிக்கொள்ளும் இடத்தை வெறும் கூத்து என்று தள்ளிவிட முடியாது.

சரி, கலர் வாருக்கு வருவோம், பெற்றோர் அதிகம் குழம்புவது இதில்தான். கேம்ப் முழுவதையும் இரண்டு அணியாகப் பிரிப்பார்கள், சில இடங்களில் நான்காக. ஓட்டம், நீச்சல், கயிறு இழுத்தல் என்பதோடு கேபினைச் சுத்தமாக வைப்பது, ஒரு வேளைச் சாப்பாட்டைப் பேசாமல் சாப்பிட்டு முடிப்பது வரை எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு, சில நாள் இது ஓடும். எப்போது தொடங்கும் என்பதை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள். திடீரென்று தீயணைப்பு வண்டி மைதானத்துக்குள் வந்து நிற்கலாம், நள்ளிரவில் எல்லோரையும் எழுப்பி ஏரிக்கரைக்குக் கூட்டிப்போகலாம். அந்த அறிவிப்புக்கு பிரேக்அவுட் என்று பெயர், பிள்ளைகளை ஏமாற்ற இடையில் பொய் பிரேக்அவுட்டும் நடத்துவார்கள். அதனால் நீங்கள் செய்யக்கூடிய முதல் உதவி வாயைத் திறக்காமல் இருப்பது. போன வருஷம் போன தோழியின் அம்மாவிடம் விசாரித்து மகளிடம் சொல்லிவிடாதீர்கள், அந்த ஆச்சரியம் அவளுக்கு ஒருமுறைதான் கிடைக்கும்.

கையேட்டில் அணி நிறங்கள் போட்டிருந்தால் ஒவ்வொரு நிறத்திலும் விலை குறைந்த டீ-ஷர்ட் ஒன்று போதும். கடைகளில் விற்கும் முகச்சாயம், மினுமினுப்பு, தலைப்பட்டை எல்லாம் வாங்கிக் குவிக்க வேண்டாம், ஒரு பெண் பெட்டி நிறையக் கொண்டுவந்து பக்கத்துக் கட்டிலில் இருப்பவளிடம் ஒன்றும் இல்லை என்றால் அங்கேயே ஒரு பிளவு விழுகிறது. கடைசி இரவில் இரண்டு அணியும் தாங்களே எழுதிய பாட்டுகளைப் பாடும். அதில் ஒன்று பெரும்பாலும் கேம்ப்பைப் பற்றிய உருக்கமான பாட்டு, பெரிய பெண்கள் அழ, சின்னவர்களும் சேர்ந்து அழுவார்கள். பிறகுதான் யார் ஜெயித்தது என்று சொல்வார்கள். உங்கள் மகள் தோற்ற அணியில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கடிதத்திலோ வீடு திரும்பியதுமோ "ஜெயித்தாயா?" என்று முதல் கேள்வி வரக்கூடாது. "என்ன பாட்டு எழுதினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவாள்.

வெள்ளிக்கிழமை வெள்ளை உடை என்றால், அந்தக் கேம்ப் யூதக் குடும்பங்கள் தொடங்கிய ஒன்றாக இருக்கலாம். போகோனோவிலும் மெய்ன் மாநிலத்திலும் அப்படிப்பட்டவை பல உண்டு. வெள்ளி மாலை யூதர்களின் வாராந்திர ஓய்வு நாளான சபாத் தொடங்குகிறது, மெழுகுவர்த்தி ஏற்றி, ரொட்டியைப் பகிர்ந்து, ஹீப்ரு மொழியில் பாடுவார்கள். அதேபோல் கிறிஸ்தவப் பின்னணி உள்ள கேம்ப்களில் ஞாயிறு வழிபாடும் சாப்பாட்டுக்கு முன் ஜெபமும் இருக்கலாம். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, கேம்ப் அலுவலகத்தில் கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள். மகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: அவர்கள் வீட்டுப் பண்டிகைக்கு நம்மைக் கூப்பிட்டிருக்கிறார்கள், மரியாதையாக உட்கார், பாடப் பிடித்தால் பாடு, பிடிக்காவிட்டால் கேள். அது தெரியாமல் போகும் குழந்தைதான் நடுவில் தவிக்கும்.

கேம்ப்ஃபயர் என்றதும் ஸ்மோர்ஸ் வரும். நெருப்பில் வாட்டிய மார்ஷ்மெல்லோவைச் சாக்லெட்டோடு இரண்டு கிரஹாம் பிஸ்கட்டுகளுக்கு நடுவே வைத்துத் தின்பது, 1927-இலேயே கேர்ள் ஸ்கவுட்ஸ் வெளியிட்ட கையேட்டில் அதன் செய்முறை அச்சாகியிருக்கிறது. சைவக் குடும்பங்கள் பல கவனிக்காத ஒன்று: சாதாரண மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டு, அது விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. "சைவம்" என்று படிவத்தில் எழுதினால் சமையலறை இறைச்சியைத்தான் விலக்கும், ஜெலட்டினை நினைக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டில் அது ஆகாது என்றால் உணவுப் படிவத்தில் 'ஜெலட்டின் வேண்டாம், முட்டை பரவாயில்லை' என்பது போல் ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஜெலட்டின் இல்லாத மார்ஷ்மெல்லோ அமெரிக்கக் கடைகளில் கிடைக்கிறது, டேண்டீஸ் என்ற பெயரில் வருவது பலருக்குத் தெரியும். அதைக் கேம்ப்பே வாங்கி வைக்குமா, நீங்கள் ஒரு பாக்கெட்டைச் சமையலறையில் கொடுக்கலாமா என்று இப்போதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். எல்லோரும் குச்சியில் வாட்டும்போது இவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரக்கூடாது, அதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன். ஆனால் மகளின் பெட்டிக்குள் முறுக்கையோ வேறு தின்பண்டத்தையோ ஒளித்து அனுப்பாதீர்கள். பெரும்பாலான கேம்ப்கள் கேபினுக்குள் உணவை அனுமதிப்பதில்லை, ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் ஒரு காரணம், எலி ஒரு காரணம், போகோனோ காடுகளில் கருங்கரடியும் உண்டு.

அடுத்தது கடிதம். வீட்டிலிருந்தபடி நீங்கள் முழுதாகப் பங்கெடுக்கக்கூடிய பாரம்பரியம் இதுதான், ஆனால் பெற்றோர் அசட்டை செய்வதும் இதைத்தான். பெரும்பாலான கேம்ப்களில் பிள்ளைகளுக்குப் போன் கிடையாது. நீங்கள் அனுப்பும் மின்னஞ்சலை அச்செடுத்துக் கொடுப்பார்கள், பிள்ளைகள் கையால்தான் பதில் எழுத வேண்டும், சில இடங்களில் வாரம் ஒருநாள் வீட்டுக்கு எழுதிய கடிதத்தைக் காட்டினால்தான் டைனிங் ஹாலுக்குள் விடுவார்கள், கடிதமே சாப்பாட்டு டோக்கன். முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய உறைகளைப் பெட்டியில் வையுங்கள். திருச்சியில் இருக்கும் தாத்தா பாட்டிக்கும் இரண்டு உறை போடுங்கள். தபால் நிலையத்தில் குளோபல் ஃபாரெவர் ஸ்டாம்ப் கேட்டு வாங்கினால் சாதாரண எடையுள்ள கடிதத்துக்கு ஒன்று போதும், எந்த நாட்டுக்கும் போகும். கேம்ப் முடிந்த பிறகுதான் அவர்கள் கையில் கிடைக்கும், கிடைக்கட்டுமே, பேத்தி கையெழுத்தில் வந்ததை அவர்கள் எத்தனை தடவை படிப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

நீங்கள் எழுதும் முதல் கடிதத்தை அவள் போகும் முன்பே அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் முதல் நாளே அவள் கைக்குப் போய்விடும். என்ன எழுதுவது? சாதாரணச் செய்தி. பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது, அப்பா தோசையைக் கருக்கினார், அந்த மாதிரி. "நீ இல்லாமல் வீடே வெறிச்சென்று இருக்கிறது" என்று அன்பால்தான் எழுதுவோம், ஆனால் அதைப் படிக்கும் குழந்தைக்கு அங்கே சந்தோஷமாக இருப்பதே குற்றமாகத் தோன்றும். முதல் வாரத்தில் "என்னைக் கூட்டிப்போங்கள்" என்று அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தால் பதறாதீர்கள், எழுதிய இரவுக்கும் நீங்கள் படிக்கும் நேரத்துக்கும் இடையில் மூன்று நான்கு நாள் ஓடியிருக்கும். கேம்ப்புக்குப் போன் செய்து அவளுடைய பிரிவுப் பொறுப்பாளரிடம் பேசுங்கள், இன்றைக்கு எப்படி இருக்கிறாள் என்று அவர் சொல்வார். வீட்டு ஏக்கத்தைப் பற்றிப் பல காலமாக ஆய்வு செய்யும் உளவியலாளர் கிறிஸ்டோபர் தர்பர் பெற்றோரிடம் வலியுறுத்தும் ஒன்று உண்டு: "பிடிக்கவில்லை என்றால் வந்து கூட்டிப்போகிறேன்" என்று முன்னதாக வாக்குக் கொடுக்கக்கூடாது. கொடுத்துவிட்டால் குழந்தை ஒட்டிக்கொள்ளப் பார்க்காது, எப்போது போகலாம் என்றே காத்திருக்கும்.

தினமும் கேம்ப் போடும் நூற்றுக்கணக்கான படங்களில் மகளைத் தேடிப்பிடித்து, பெரிதாக்கிப் பார்த்து, சிரிக்கிறாளா என்று ஆராய வேண்டாம். படம் எடுத்த நேரத்தில் அவளுக்கு வெயில் கண்ணில் அடித்திருக்கும்.

இனி கேள்வி கேட்க வேண்டியவை. 1902-இல் எர்னஸ்ட் தாம்சன் சீட்டன் என்ற எழுத்தாளர் தொடங்கிய 'உட்கிராஃப்ட் இந்தியன்ஸ்' என்ற சிறுவர் இயக்கத்தின் தாக்கத்தால் அமெரிக்க கேம்ப்கள் பலவற்றில் அமெரிக்கப் பழங்குடியினரைப் போல இறகு சூடி, மேளம் தட்டி, கற்பனைப் பெயர்கள் வைத்துச் சடங்கு நடத்தும் வழக்கம் பரவியது. பழங்குடி மக்கள் தங்கள் வழிபாட்டை வேஷமாக்குவதை எதிர்த்துப் பேசிவருகிறார்கள், பல கேம்ப்கள் கைவிட்டுவிட்டன. போகோனோ லெனாபே என்ற பழங்குடி மக்கள் வாழ்ந்த மண், அங்கே இன்னும் அப்படி நடந்தால் இயக்குநருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். பழையது என்பதாலேயே எல்லாம் காப்பாற்றத்தக்கது ஆகிவிடாது, பாட்டை மாற்றி, பெயரை மாற்றி நன்றாகவே நடக்கும் கேம்ப்கள் இருக்கின்றன.

இன்னொன்று இதைவிட முக்கியம். புதுப் பிள்ளைகளை மூத்த பிள்ளைகள் 'சேர்த்துக்கொள்ளும்' சடங்கு என்ற பெயரில் அவமானப்படுத்துவது, பயமுறுத்துவது. இது நடக்காமல் பார்த்துக்கொள்வது நல்ல கேம்ப்பின் கடமை. அப்படி எதற்கும் இடமில்லை என்ற விதி இருக்கிறதா, இரவில் கேபினில் எத்தனை கவுன்சலர்கள் (பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் கேம்ப் ஊழியர்கள்) படுப்பார்கள் என்று போகும் முன்பே கேளுங்கள். மகளிடம் வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுங்கள். பிரேக்அவுட் மாதிரி ஆச்சரியம் என்றால் கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். "அம்மா அப்பாவிடம் என்றைக்கும் சொல்லக்கூடாது" என்று யாராவது சொன்னால் அது ஆச்சரியம் இல்லை, உடனே இன்னொரு பெரியவரிடம் சொல்ல வேண்டும். எந்தப் பாரம்பரியத்திலும் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு, அதற்கு யாரும் கேலி செய்யக்கூடாது. இதைப் போகும் நாள் காரில் சொல்லாமல் ஒரு வாரம் முன்பே சாவகாசமாகப் பேசுங்கள்.

திரும்பி வரும்போது தொண்டை கட்டியிருக்கும், கையில் நூல் வளையல்கள் ஏறியிருக்கும், இரண்டு நாள் தூங்குவாள், அப்புறம் அழுவாள். மெழுகுவர்த்தி மிதக்கவிட்ட கடைசி இரவைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, "உங்களுக்குப் புரியாது" என்று நிறுத்திவிடுவாள். விடுங்கள், உண்மையிலேயே நமக்குப் பாதி புரியாது. வளையலை வெட்டாதீர்கள், சாயம் படிந்த டீ-ஷர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், விருந்தாளிகள் முன்னால் அந்தப் பாட்டைப் பாடச் சொல்லாதீர்கள். அவளாகச் சாப்பாட்டு மேசையைத் தட்டத் தொடங்கினால் நீங்களும் தட்டுங்கள், பாட்டைக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். கேபின் தோழிகளுக்குக் கடிதம் எழுத முகவரி வாங்கிக் கொடுங்கள், குளிர்காலத்தில் ஒருநாள் அவர்களை வீட்டுக்கு அழைக்க முடிந்தால் அது பெரிய பரிசு. கவுன்சலர்களுக்குப் பணம் கொடுப்பதைப் பல கேம்ப்கள் தடை செய்கின்றன, மகள் கையால் எழுதிய நன்றிக் கடிதம் அதைவிட அவர்களுக்குப் பிடிக்கும்.

இதற்கு மேலும் ஏதாவது செய்ய மனமிருந்தால் உங்கள் கேம்ப்பில் கேம்பர்ஷிப் நிதி இருக்கிறதா என்று பாருங்கள், கட்டணம் கட்ட முடியாத குடும்பத்துப் பிள்ளைகளை அனுப்புவதற்கான உதவித்தொகை அது. கையேடு கேட்கும் 'துணை' என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த வழி இதுதான். அடுத்த வருஷத்துக்கான பதிவு பெரும்பாலும் இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடும், சீக்கிரம் கட்டினால் தள்ளுபடியும் இருக்கும். வீடு திரும்பும் வழியில் "மறுபடி போகிறாயா?" என்று கேட்காதீர்கள், அன்றைக்கு அவள் எதைச் சொன்னாலும் அழுகையோடுதான் சொல்வாள். பள்ளி தொடங்கி ஒரு மாதம் போகட்டும், அப்போது கேளுங்கள்.