புல்லுக்கு மொட்டை போடாதீர்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். சிங்கப்பூர் சிராங்கூன் கார்டன்சில் எங்கள் தரைவீட்டு முன்வாசலில் சின்னப் புல்தரை இருக்கிறது. கௌ கிராஸ் என்கிற, அகன்ற இலையோடு தரையில் படரும் புல்லைப் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. மாதம் ஒருமுறை ஆள் வந்து, தோளில் மாட்டும் மெஷினால் ஒட்ட வெட்டிவிட்டுப் போவார். இப்போது நடுவில் திட்டுத்திட்டாகப் பழுப்பு, மாமரத்தடியில் மண் தெரிகிறது, தொட்டாற்சிணுங்கி வேறு. நர்சரியில் உரமும் களைக்கொல்லியும் கொடுத்தார்கள், பலனில்லை. எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு ஜப்பான் புல் போடச் சொல்கிறார்கள். 2 சென்டிமீட்டரில் வெட்டுவதா, 3 சென்டிமீட்டரிலா? உயரமாக விட்டால் கொசு வரும் என்று அம்மா பயப்படுகிறார்.

பதில்: தம்பி, இரண்டும் இல்லை. கௌ கிராஸுக்கு 5 சென்டிமீட்டர் வையுங்கள். மாமரத்தடியில் 6, 7 வரை விடலாம். நிழலில் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிக்க அதற்கு இலை கூடுதலாக வேண்டும். நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். எத்தனை நாளைக்கு ஒருமுறை, எதை வைத்து வெட்டுவது என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்!

மழைக்காலத்தில் ஒரு மாதம் விட்டால் புல் அரைச் சாணுக்கு மேல் நிற்கும். அதை 2 சென்டிமீட்டருக்கு இறக்கினால் ஐந்தில் நான்கு பங்கு போய்விடுகிறது. இலைதான் புல்லுக்கு அடுப்பு. அதைப் பறித்துவிட்டால் வேரில் சேர்த்து வைத்திருப்பதைச் செலவழித்துத்தான் புது இலை விட வேண்டும். மாதாமாதம் இதே கதை என்றால் வேர் மேலேயே நின்றுவிடும். பிப்ரவரியில் இரண்டு வாரம் மழை இல்லாவிட்டால் பழுத்துவிடும். மண்ணில் வெயில் நேரே விழுவதால் களைவிதைகளுக்கும் கொண்டாட்டம். உங்கள் தொட்டாற்சிணுங்கிக்கு அப்படித்தான் இடம் கிடைத்திருக்கும்.

ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. 5-இல் நிறுத்த வேண்டுமானால் ஏழரையைத் தொட்டதும் வெட்ட வேண்டும். நல்ல மழையில் வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை வரும், வறண்ட நாட்களில் தள்ளிப்போகும். ஒப்பந்தக்காரர் ஏன் ஒட்ட வெட்டுகிறார்? அடுத்த முறை வரும்வரை நீங்கள் கூப்பிடாமல் இருக்கத்தான். அது அவர் வசதி.

அடுத்து அந்தத் தோள் மெஷின். நான் சண்டை போடாத வீடே இல்லை என்று என் மனைவி சொல்வதே இதனால்தான். வெட்டிய மறுநாள் ஒரு இலையைக் கிள்ளி நுனியைப் பாருங்கள். நேர்கோடாக இருந்தால் சரி. நார்நாராகப் பிசிறி, வெளுத்துப் பழுப்பாக இருந்தால் அது வெட்டியதல்ல, கிழித்தது. சுழலும் நைலான் கயிறு அடித்துத்தான் கிழிக்கும், கூரான கத்திபோல் வெட்டாது. மொட்டை முனை கொண்ட கத்தியும் அதே வேலையைத்தான் செய்யும். உங்கள் பழுப்பில் பாதி நோயே இல்லை, கிழிந்த நுனிகள்தான் என்பது என் சந்தேகம். கயிற்று மெஷின் வேலியோரத்துக்கும் கால்வாய் விளிம்புக்கும் போதும். மரத்தடியில் வேண்டாம், பட்டையை உரித்துவிடும். நடுத்தரைக்குத் தள்ளிக்கொண்டு போகும் மெஷின் வேண்டும். அதன் கத்தியைச் சாணை பிடித்து வையுங்கள்.

அதில் போட்டிருக்கும் 1, 2, 3 எண்களை நம்பாதீர்கள். அவை சென்டிமீட்டர் அல்ல. கார் நிறுத்தும் சிமெண்டுத் தரையில் மெஷினை நிறுத்தி, பெட்ரோல் வண்டி என்றால் பிளக் வயரையும், மின்சாரம் என்றால் இணைப்பையும் கழற்றிவிட்டு, தரைக்கும் கத்தி முனைக்கும் நடுவே ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். சாயங்கால இடிமழை வருவதற்கு முன், காலை 10 மணி வாக்கில் ஈரம் உலர்ந்ததும் வெட்டுங்கள். ஈரத்தில் வெட்டினால் கட்டிகட்டியாக ஒட்டும், சக்கரம் மண்ணை அமுக்கும். வெட்டிய துணுக்கு குட்டையாக இருந்தால் அப்படியே விடுங்கள்; அதுவே தழைச்சத்து. மூட்டையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, அதே சத்தைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

ஜப்பான் புல்லா? மாமர நிழலிலா? முழு வெயில் கேட்கும் புல் அது. பழைய புல் ஏன் வாடியது என்று பார்க்காமல் புதுசு விற்பவரிடம் இன்னொரு தடவை போகாதீர்கள். களைக்கொல்லியையும் நிறுத்துங்கள். மழை பெய்த மறுநாள் கையுறை போட்டுத் தொட்டாற்சிணுங்கியை வேரோடு பிடுங்கினால் போதும். இரண்டு மாதம் உயரத்தை மட்டும் காப்பாற்றுங்கள், கௌ கிராஸ் ஓடி ஓடி வெற்றிடத்தை மூடிக்கொள்ளும். உரத்தை அதற்கப்புறம் பார்க்கலாம்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: ஏடிஸ் கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில், 5 சென்டிமீட்டர் புல்லில் அல்ல. பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டுகளை இன்றைக்கே கவிழ்த்துவிடச் சொல்லுங்கள்.