கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் படிப்பும் தனியார் ஒப்பந்தம் பற்றிய அச்சமும்

மதிப்பிற்குரிய அம்மா,

சிவில் பொறியியல் முடிக்கப்போகும் தங்கள் மகள் சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.இ. சேர விரும்புவதாகவும், சுத்திகரிப்பு நிலையங்களைத் தனியாரே நடத்துவதால் ஒப்பந்தம் முடிந்ததும் வேலை போய்விடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். இத்திட்டங்களில் பணம் எப்படி வழங்கப்படுகிறது என்று பார்த்தால் அந்த அச்சம் பெருமளவு தணியும்.

சென்னையை அடுத்த ஆலந்தூரின் பாதாளச் சாக்கடைத் திட்டத்தில் வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணத்தை மக்களே கட்டினர். சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் நிறுவனம் கட்டி, இயக்கி, பின்னர் ஒப்படைப்பதென ஏற்பாடாயிற்று. கங்கைத் தூய்மைத் திட்டத்தின்கீழ் ஹரித்வாருக்கும் வாரணாசிக்கும் 2017இல் கையெழுத்தான ஒப்பந்தங்களில், கட்டுமானச் செலவில் 40 விழுக்காட்டை மட்டுமே அரசு கட்டுமானப் பணியின்போது தருகிறது. எஞ்சிய 60 விழுக்காடு, வெளியேறும் நீரின் தரத்தையும் பார்த்து, 15 ஆண்டுகளில் தவணைகளாகத்தான் வருகிறது. ஆகவே நிலையத்தை ஒழுங்காக ஓட்டத் தெரிந்தவர்கள் அந்நிறுவனத்துக்கு 15 ஆண்டும் தேவை.

அந்தத் திறமை ஏட்டுப் படிப்பால் மட்டும் வருவதில்லை. நுண்ணுயிரிகள் கழிவைச் சிதைப்பதற்காகக் காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் நீரை அளவுச் சாடியில் எடுத்து, அரை மணி நேரம் அசையாமல் வைத்து, கசடு எந்தக் கோடு வரை படிகிறது என்று அன்றாடம் பார்ப்பார்கள். சரியாகப் படியாவிட்டால் காற்றின் அளவை மாற்றுவதா, கசடைக் கூடுதலாக வெளியேற்றுவதா என்று பணியில் இருப்பவரே தீர்மானிக்க வேண்டியிருக்கும். இதில் கைதேர்ந்தவரை அடுத்து வரும் ஒப்பந்ததாரரும் எளிதில் விடமாட்டார் என்பது என் உறுதியான கருத்து. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையங்கள் கழிவுநீரை மீண்டும் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு வழங்குவதால், அதற்குப் பயன்படும் எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையைக் கற்றவர்களுக்கும் இங்கேயே வேலை உண்டு.

ஆனால் தொடக்கச் சம்பளம் குறைவாக இருக்கலாம், இரவுப் பணியும் வரலாம். பணி ஆணை எந்த நிறுவனத்தின் பெயரில் வருகிறது, அது முதன்மை ஒப்பந்ததாரரா துணை ஒப்பந்ததாரரா, வருங்கால வைப்புநிதி பிடிக்கிறார்களா என்று கேட்காமல் எங்கும் சேர வேண்டாம். பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடைக்குள் ஆளை இறக்குவது கையால் கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; அதைக் கண்டுகொள்ளாத நிறுவனத்தில் தங்கள் மகள் ஒரு நாளும் பணியாற்றக் கூடாது.

அரசுப் பணி விருப்பமெனில் பொறியாளர் பணிகளுக்கான டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கும் இணையாகப் படிக்கட்டும். மேற்படிப்புச் சேர்க்கைக்கான கேட் தேர்வில் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியலுக்கெனத் தனித் தாள் இருக்கிறது. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன், கல்லூரிக் கடிதத்துடன் அருகிலுள்ள நிலையத்தின் ஆய்வகத்தில் ஒரு மாதப் பயிற்சிக்கு அனுமதி கேளுங்கள்.