கார்க் தாத்தாவும் லண்டன் கொள்ளுத்தாத்தாவும்

கேள்வி: என் அம்மாவைப் பெற்ற தாத்தா 1905இல் அயர்லாந்தின் கார்க் நகரில் பிறந்தவர், ஜோலார்பேட்டையில் ரயில் டிரைவராக இருந்தார். அப்பா வழிக் கொள்ளுத்தாத்தா லண்டன்காரர். ஊரில் ஆங்கிலோ இந்தியரான எங்களைச் சட்டைக்காரர் என்பார்கள். நான் ஐரிஷ் குடிமகன் ஆகலாமா? பத்தாவது படிக்கும் என் மகன்? (காட்பாடி வாசகர்)

பதில்: நீங்கள் ஆகலாம். மகனுக்கு இந்த வழியில் கிடைக்காது.

ஆங்கிலோ இந்தியர் யார் என்று சொல்லும் நம் அரசியலமைப்பின் 366(2) பிரிவு ஆண் வழியை மட்டுமே பார்க்கிறது. அந்தக் கணக்கில் லண்டன் கொள்ளுத்தாத்தாதான் வருவார். கார்க் தாத்தா வரமாட்டார். அயர்லாந்துக்கு அந்தப் பேதம் இல்லை. தாத்தா பாட்டி நால்வரில் ஒருவர் அந்தத் தீவில் பிறந்திருந்தால், வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயர் சேர்க்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 278 யூரோ. பதிவான நாளிலிருந்துதான் நீங்கள் குடிமகன். அதற்கு முன்பே பிறந்துவிட்டதால் மகனுக்கு வழியில்லை.

தாத்தாவின் பிறப்புச் சான்று எளிதில் கிடைக்கும். அங்கே 1864 முதலே எல்லாப் பிறப்புகளையும் பதிகிறார்கள். இழுத்தடிப்பது அம்மாவுடையதுதான். ரயில்வே காலனிப் பிள்ளைகள் பலருக்கு ஞானஸ்நானப் பதிவு மட்டுமே இருக்கும். அதை மட்டும் அனுப்பாதீர்கள். நகராட்சியிலோ தாலுகா அலுவலகத்திலோ தேடச் சொல்லி, ‘பதிவு இல்லை’ என்று எழுத்தில் வாங்கிச் சேர்த்து அனுப்புங்கள். ஒரு சான்றில் ஓ’பிரையன், இன்னொன்றில் வெறும் பிரையன் என்றிருந்தால் அதற்கும் விளக்கம் கேட்பார்கள். அபிடவிட் தயாராக இருக்கட்டும்.

பதிவானதும் இந்தியக் குடியுரிமை போய்விடும், பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வாங்கி இங்கேயே இருக்கலாம். ஆனால் ஓட்டுப் போடவோ விவசாய நிலம் வாங்கவோ முடியாது. இதை யோசித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

இங்கிலாந்தில் வேலைதான் நோக்கம் என்றால் குடியுரிமையை விடவே தேவையில்லை. காமன்வெல்த் குடிமக்களுக்கு 5 ஆண்டு வம்சாவளி விசா உண்டு. அதற்கு லண்டன் கொள்ளுத்தாத்தா உதவமாட்டார், ஒரு தலைமுறை தள்ளிப்போய்விட்டார். 1922 மார்ச் 31க்கு முன் அயர்லாந்தில் பிறந்தவரும் செல்லும் என்பதால் அங்கேயும் கார்க் தாத்தாதான் கைகொடுப்பார்!

கேள்வி: 1806இல் ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து வேலூர்ப் புரட்சியை அடக்கிய கில்லெஸ்பி ஆங்கிலேயர்தானே? (சத்துவாச்சாரி வாசகர்)

பதில்: இல்லை. பிறந்தது அயர்லாந்தின் டவுன் மாவட்டத்து கோம்பர் என்ற ஊரில், 1766இல். குடும்பம் ஸ்காட்லாந்து வழி. கோம்பர் இன்று வட அயர்லாந்தில், பிரிட்டன் ஆட்சியில் இருக்கிறது. ஆனாலும் அங்கே பிறந்த தாத்தா இருந்தால், மேலே சொன்ன ஐரிஷ் பதிவேடு உங்களையும் ஏற்கும்.