பாட்டு வரியில் மழை வந்தால் அதன் காணொளியிலும் மழை பெய்ய வேண்டுமா?

பெய்யாமல் இருப்பதே நல்லது என்பேன். முரட்டுப் பதில்தான். ஆனால் காரணம் என் வீட்டிலேயே இருக்கிறது.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரன். என் தங்கை மகன், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போன தன் பாட்டியை நினைத்து ஒரு பாட்டு எழுதி, நண்பர்களோடு காணொளியும் எடுத்தான். 'மழையே, அவளை நனைக்காதே' என்று ஒரு வரி. உடனே தண்ணீர்க் குழாயை உயரத்தில் பிடித்து, வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண்ணை ரப்பர் மரத்தடியில் நிறுத்தி நனைத்துவிட்டார்கள். கண் கலங்குவார் என்று நம்பி என் அம்மாவிடம் காட்டினான். அவரோ, "மழையில் யாரய்யா பால் வெட்டுகிறார்கள்? இந்தப் பெண் எதற்கு அங்கே நிற்கிறாள்?" என்று கேட்டார்.

தோட்டத்து மழை நனைகிற மழை அல்ல. விடியுமுன்னே தகரக் கூரையில் சத்தம் கேட்கும். பட்டை ஈரமானால் பால் வெட்டிய கோட்டில் ஓடாமல் மரமெல்லாம் பரவி வழியும் என்பதால் வெட்டு கிடையாது. அன்றைய கூலியும் கிடையாது. வெட்டி முடித்தபின் பெய்தால் இன்னும் கொடுமை. மரத்தில் கட்டிய மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், இறங்கிய பால் தண்ணீரோடு நிரம்பி மண்ணுக்குப் போய்விடும்.

இசைக் காணொளிகளைப் பற்றி 1992இல் நூல் எழுதிய ஆண்ட்ரூ குட்வின், காட்சிக்கும் வரிக்கும் உள்ள உறவை மூன்றாகப் பிரித்தார்: வரியை அப்படியே காட்டுவது, வரி சொல்லாததைச் சேர்ப்பது, வரிக்குச் சம்பந்தமில்லாமல் போவது. மூன்றாவதும் சில சமயம் ஜெயிக்கும். 1998இல் வந்த 'உயிரே' படத்தின் ரயில் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காதலைப் பாடும் பாட்டு. ஆட்டம் நீலகிரி மலை ரயிலின் கூரைமேல். இன்று அந்த மெட்டைக் கேட்டாலே ரயில்தான் ஓடுகிறது. ஆனால் கடினமானது இரண்டாவது வகை. கேட்பவர் மனத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு படம் இருக்கும். அது ஊருக்கு ஊர் மாறும். 2021இல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யில், தோட்டம் செழித்தும் தொண்டை நனையவில்லை என்று ஓர் ஏக்கம் வரும். தோட்டம் என்றதும் சென்னையில் இருப்பவருக்குப் பூச்செடி தோன்றலாம். எங்களுக்கு நிரை நிரையாக மரமும், தொழிலாளர்களின் வரிசை வீடான லயமும்தான். அதைப் பாடியவர்களில் ஒருவரான 'அறிவு' என்ற பாடகரின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அதற்கு முன்பே அந்த வரி எங்கள் ஊர்ப் பாட்டாகிவிட்டது.

பையன் மறுபடியும் எடுத்தான். இப்போது இங்கே ரப்பர் போய், திரும்பிய பக்கமெல்லாம் எண்ணெய் தரும் செம்பனை. வெட்டு நடக்கும் ஒரு சிறுதோட்டத்தைத் தேடிப் பிடிக்கவே இரண்டு வாரம் ஆயிற்று. மழை விட்ட மறுநாள் காலையில், விளிம்புவரை வெளுத்த தண்ணீர் நிற்கும் ஒரு மங்கு. அதில் ஒரு இலை. அந்த வரிக்கு அவ்வளவுதான் காட்சி. அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. திரும்பப் போடச் சொன்னார்.

கோலாலம்பூரில் இருக்கும் அவன் நண்பன் மட்டும், "அது என்ன, மோரா?" என்று கேட்டானாம்.